இந்திராணி சிஸ்டருக்கு வண்டி எறக்குன கதை

குன்னூர்ல நான் கடைசியா வேலை பார்த்த சர்வீஸ் சென்டருக்கு இப்ப ஒரு டப்பா வருது. உசரம் கம்மியா இருக்கறவங்களுக்கு வண்டியை எறக்கிக் குடுக்கற சாமானெல்லாம் அதுக்குள்ள அளவா அடுக்கி வச்சிருக்காங்க. குட்டை ஷாக் அப்சர்பர், ஒல்லி சீட்டு, சின்ன ஸ்டாண்டு. பசங்க பாட்டுப் போட்டுக்கிட்டே மாட்டறானுக. மத்தியானச் சோத்துக்குள்ள வேலை முடிஞ்சுருது. போன மாசம் சும்மா எட்டிப் பார்த்தேன். ஒரு டீயை வாங்கிக் கையில குடுத்துப்போட்டு, "இந்த டப்பா இல்லாத காலத்துல என்னங்ணா பண்ணுனீங்க?"ன்னு கேட்டானுக.

"அழுதோம்"னு சொன்னேன். சிரிச்சானுக. அப்பறம் ஆண்டு விழா மலருக்கு அதையே எழுதிக் குடுங்கன்னு புடிச்சுக்கிட்டானுக. ஸ்பேனர் புடிச்ச கை, எழுத்துக் கோணத்தான் செய்யும். பொறுத்துக்கோங்க.

நான் மேட்டுப்பாளையத்துக்காரன். பத்தாவதுல கணக்கு காலை வாரிவிட்டுருச்சு. என்ற மாமா குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழ இருந்த காதர் பாய் ஒர்க்‌ஷாப்புல கொண்டாந்து விட்டார். மொத ரெண்டு வருசம் மண்ணெண்ணெயில செயின் கழுவுனேன், குளிர்ல வெரல் மரத்துப் போச்சு, திட்டு வாங்குனேன். அந்த ரெண்டு வருசத்துல வேற சொல்றதுக்கு ஒன்னுமில்லை.

காதர் பாயைப் பத்தித்தான் சொல்லோணும். ஆறடி ஆளு. ஸ்வெட்டரை முழங்கை வரைக்கும் சுருட்டி விட்டுக்கிட்டு, எந்நேரமும் யாரு மேலயோ கோவமா இருக்கற மாதிரியே இருப்பார். கோவமெல்லாம் இல்லை, மூஞ்சியே அப்படி. "பாய், கால் எட்ட மாட்டேங்குது, வண்டியை எறக்கித் தாங்க"ன்னு யாராவது வந்தா, மனுசன் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வந்தவங்களை உக்கார வச்சு, டீ சொல்லிப்போட்டு, ஒரே ஒரு கேள்வி கேப்பார்.

"எங்கெங்க நிப்பீங்க?"

"நிக்கறதா? நான் ஓட்டறதுக்கில்ல வந்திருக்கேன் பாய்."

"ஓட்டறதைப் பத்தி யாருப்பா கேட்டா? எங்கெங்க நிப்பீங்கன்னு சொல்லு."

கீழ்நாட்டுக்காரங்களுக்கு இது வெளங்காது. கோயமுத்தூர்ல தரை தட்டையா இருக்கும், எங்க நின்னாலும் ஒரே உசரம். இங்க அப்படியா? ஏத்தத்துல வண்டியை நிறுத்துனா வலது கால் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கோணும், இல்லைன்னா வண்டி பின்னால உருளும். ஊனறதுக்கு எடது கால் ஒன்னுதான் பாக்கி. ரோடு எடது பக்கமாப் பள்ளத்துக்குச் சரிஞ்சு கெடந்தா அந்தக் கால் அந்தரத்துல தொங்கும். ஒர்க்‌ஷாப்புத் தரையில நல்லா எட்டற கால், மார்க்கெட் ஏத்தத்துல எட்டாது. அதனால பாய் எங்களைக் கூடவே அனுப்புவார். அவங்க தெனமும் நிக்கற எடத்துக்குப் போய், அவங்க தெனமும் போடற செருப்போ பூட்ஸோ போட்டபடி வண்டி மேல உக்கார வைக்கோணும். நாங்க பின்னால கேரியரைப் புடிச்சுக்குவோம். பொறவு கால் எட்டாத சந்துல சின்னச் சின்ன பிளைவுட் துண்டா ஒன்னு மேல ஒன்னு அடுக்கிக்கிட்டே வரோணும். குதிகால் நல்லா அழுந்தி உக்காந்தப்பறம், எத்தனை துண்டுன்னு பார்த்துக்கிட்டு வரோணும். அதுதான் அளவு. தரையில அளவெடுத்தேன்னு யாராவது சொன்னா, "இது துணிக்கடையா?"ம்பார்.

வெலிங்டன்ல ஆபீஸ் உத்தியோகத்துல இருந்த ஒருத்தர் வந்தார். வண்டியை எறக்கோணும், ஆனா எறக்குனது யாருக்கும் தெரியக் கூடாதுன்னார். கல்யாணம் நிச்சயமாயிருக்குதாம், பொண்ணு ஊட்டுக்காரங்க பார்த்துருவாங்களாம். பாய் அவர் ஷூவைக் கழட்டி வாங்கி, செருப்புத் தைக்கறவர்கிட்ட அனுப்பி ஒரு தடிச்ச அடி வச்சுக் குடுத்தார். "வண்டி நல்லாத்தான் இருக்கு, போ"ன்னு அனுப்பிட்டார். 

கட்டபெட்டுல ஒரு போஸ்ட்மேன். வேற யாரோ அவர் வண்டிக்குப் பின்பக்கம் மட்டும் எறக்கி விட்டிருந்தாங்க. ஸ்டாண்டை அப்படியே விட்டுட்டாங்க. வண்டி தாழ்ந்தா சைடு ஸ்டாண்டு நீளமாப் போயிரும், வண்டி சாயாம நட்டுக்கிட்டு நிக்கும். தேயிலை எடை போடற எடத்துல நிறுத்திப்போட்டு மனுசன் தபால் குடுக்கப் போயிருக்கார். திரும்பி வந்தா வண்டி கொழுந்து மூட்டை மேல மல்லாந்து கெடக்குது. மலையில ஸ்டாண்டை வெட்டாம வண்டியை எறக்குனா இதுதான் கதி. அன்னைல இருந்து ஸ்டாண்டு வெட்டற வேலையைப் பாய் எனக்கே குடுத்தார். வெட்டி வெல்டிங்குல பத்தவச்ச பொறவு, ஏத்தத்துல ஒரு தடவை, எறக்கத்துல ஒரு தடவை நிறுத்தி, வெரலால தள்ளிப் பார்த்துத்தான் வண்டியை வெளிய விடுவேன்.

இப்ப இந்திராணி சிஸ்டருக்கு வர்றேன். என்ற ஊட்டுக்காரி இதைப் படிக்கத்தான் போறா. படிக்கட்டும், அவளுக்குத் தெரியாத கதை இல்லை.

எங்க ஒர்க்‌ஷாப்புக்கு எதுத்தாப்புல மாடியில ஒரு டாக்டர் கிளினிக். அங்க நர்ஸ் வேலை பார்த்தாங்க. நாலடி ஒம்போது அங்குலம் இருப்பாங்க. சிலோன்ல இருந்து திரும்பி வந்த குடும்பம், சின்னப் புள்ளையா இருக்கறப்பவே கப்பல் ஏறி வந்தவங்க. பேச்சுல அந்த ஊரு வாசம் போகவேயில்லை. எனக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது எங்கயாவது கிழிச்சுக்கும். சிலது நெசமாவே கிழிச்சது, சிலதுக்குப் பிளாஸ்திரியே வேண்டியதில்லை. மாடிப்படி ஏறுனாப் போதும், "என்ன மெக்கானிக், இன்னைக்கு எந்த வெரலு?"ம்பாங்க. ஊரே அவங்களை சிஸ்டர்ம்பாங்க, நானும் சிஸ்டர்ம்பேன். அந்த வார்த்தையை வாயில வச்சுக்கிட்டு மனசுல இருக்கறதை எங்கிருந்து சொல்றது? கெரகம்.

ஒரு நாள் அவங்களே எங்க ஒர்க்‌ஷாப்புக்கு எறங்கி வந்தாங்க. தம்பி திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனப்ப விட்டுட்டுப் போன நூறு சிசி வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்தாங்க. பாய் வழக்கம்போல டீ சொன்னார், கேள்வியும் கேட்டார். சிஸ்டருக்கு மட்டும் அது சட்டுனு புரிஞ்சுருச்சு.

"ஓட்ட ஏலும் பாய். தம்பி பழக்கிக் குடுத்தான். நிக்கத்தான் ஏலாது"ன்னாங்க.

விசயம் இதுதான். அவங்க அப்பா குன்னூர் பக்கத்துல ஒரு எஸ்டேட்ல வேலை பார்த்தவர், காலமாயிட்டார். எஸ்டேட் ஆளுங்க வரிசையாக் குடியிருக்கற லயத்துல அவங்க ஊட்டைக் காலி பண்ணச் சொல்லி எஸ்டேட்ல கெடு குடுத்துட்டாங்க. அம்மாவும் பொண்ணும் எங்க போவாங்க? அந்த நேரத்துல பந்தலூர் பக்கம் ஒரு எஸ்டேட்ல நர்ஸ் வேலை வந்துச்சு. வேலையோட ஒரு குவார்ட்டர்ஸும் உண்டு. ஆனா மலை மேல தள்ளித்தள்ளி இருக்கற லயமெல்லாம் சுத்தி வரோணும். முன்னால இருந்த நர்ஸ் ஸ்கூட்டர்ல போய் விழுந்து இடுப்பை ஒடச்சுக்கிட்டாங்க. அதனால அந்த மேனேஜர், புதுசா வர்றவங்க கேட்டுல இருந்து மேல் டிவிசன் வரைக்கும் தன் கண்ணு முன்னால ஓட்டிக் காட்டோணும், அப்பத்தான் ஆர்டர்னு சொல்லிட்டார். வண்டி சரியா வரலைன்னா வேலை இல்லை, வேலை இல்லைன்னா ஊடு இல்லை.

"அந்த எடத்தைப் பார்க்காம சீட்டுல பிளேடு வைக்காதே"ன்னு பாய் என்கிட்ட சொன்னார். சிஸ்டரோட அம்மா மறுநாளே வந்து என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. "தம்பி, போன கையோட திரும்பணும். இருட்டக் கூடாது"ன்னு சொல்லிட்டு, ஒரு டிபன் பொட்டலத்தை என் கையில குடுக்காம மக கையில குடுத்தாங்க.

காலையில கெளம்புனோம். நான் ஓட்டுனேன், அவங்க பின்னால. நடுவுல அந்த டிபன் பை. ஊட்டி தாண்டி, சீகை மரக் காட்டுக்குள்ள பனி எறங்கி நின்னுச்சு. பைக்காரால நின்னு டீ குடிச்சோம். நடுவட்டம் எறக்கத்துல குளிர் விட்டுருச்சு, கூடலூர்ல ஸ்வெட்டரைக் கழட்டிட்டோம். அத்தனை தூரமும் அவங்க பேசிக்கிட்டே வந்தாங்க. காத்துல பாதிதான் எனக்குக் கேட்டுச்சு. கேக்காத பாதிக்கும் "ஆமாங்க"ன்னு தலையாட்டுனேன். அந்த ரோட்டுல அதுக்கு முன்னால நான் போனதில்லை, பொறவு எத்தனையோ தடவை போயிருக்கேன். ஆனா இன்னைக்கும் யாராவது பைக்காரான்னு பேரைச் சொன்னா அன்னைக்குப் போனதுதான் ஞாபகம் வருது.

எஸ்டேட்ல ஒவ்வொரு எடமா நின்னோம். டிஸ்பென்சரி வாசல். சிஸ்டர் புள்ளைக் காம்பரான்னு சொன்ன, வேலைக்குப் போறவங்க கைப்புள்ளைகளை விட்டுட்டுப் போற கொட்டாய். தண்ணித் தொட்டிக்கு மேல இருக்கற லயம். அங்கெல்லாம் நாலஞ்சு துண்டு பிளைவுட்டுல கால் எட்டிருச்சு. கடைசியா எஸ்டேட் கேட்டு. அங்கதான் வந்துச்சு வெனை.

கேட்டுக்கு முன்னால நல்ல ஏத்தம். வளைவு வேற. ரோடு எடது பக்கமா ஓடைக்குச் சாஞ்சு கெடக்குது. வாச்மேன் வந்து சங்கிலியைக் கழட்டற வரைக்கும் யாரா இருந்தாலும் அங்க நின்னே ஆகோணும். சிஸ்டரை உக்கார வச்சு, கேரியரைப் புடிச்சுக்கிட்டு, துண்டை அடுக்குனேன், அடுக்குனேன், கொண்டு போன துண்டெல்லாம் தீர்ந்து போச்சு. கால் இன்னும் தொங்குது. முன் பிரேக்கைப் புடிச்சு வலது காலை ஊனச் சொல்லிப் பார்த்தேன். சரளைக்கல்லு ரோடு, முன்சக்கரம் பூட்டுனபடியே பின்னால வழுக்குச்சு. நான் புடிச்சிருந்ததால தப்பிச்சோம்.

திரும்பி வர்றப்ப சிஸ்டர் அத்தனையா பேசலை. மறுபடியும் பைக்காரால நிறுத்துனேன். டீக் கிளாஸை ரெண்டு கையிலயும் பொத்திப் புடிச்சுக்கிட்டு சொன்னாங்க: "இது ஏலாதுன்னா, அம்மா திருப்பூருக்குப் போக வேண்டியதுதான். தம்பி ஒரே ரூமுல எட்டுப் பேரோட இருக்கான். நான் கிளினிக்குக்குப் பக்கத்துலயே ஒரு எடம் பார்த்துக்குவேன்."

அப்பறம் என்னைப் பார்க்காம, "எனக்குக் குன்னூர விட்டுப் போகப் புடிக்கலைதான், மெக்கானிக்"ன்னாங்க.

நான் கிளாஸைத் திருப்பிக் குடுத்துட்டு வந்தேன். இருன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தா இருந்திருப்பாங்களோ என்னமோ. ஆனா அவங்கம்மா அந்த வயசுல எட்டுப் பேர் படுக்கற ரூமுக்குப் போகோணும். அதை நெனச்சேன். நேரமாச்சுங்கன்னு சொல்லி வண்டியை ஒதைச்சேன்.

வேலையை ஆரம்பிச்சோம். பின்னால ஒரு அங்குலம் குட்டையான ஷாக் அப்சர்பர் போட்டோம். பின்பக்கம் மட்டும் தாழ்த்துனா ஹேண்டில் மந்தமாயிரும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். அதனால முன் ஃபோர்க் குழாயைப் புடியில தளர்த்தி, அதே அளவுக்கு மேல ஏத்துனோம். ரெண்டு ஸ்டாண்டையும் வெட்டிப் பத்தவச்சேன். கிளட்ச் லீவர் அவங்க கைக்கு எட்டலை, அதைச் சூடு காட்டி வளைக்கப் பார்த்து ஒன்னை ஒடைச்சேன், இன்னொன்னு வாங்கி உள்பக்கமாத் திருப்பி வச்சேன். ஹேண்டிலை அவங்க பக்கமா சாய்ச்சேன். இன்னும் தாழ்த்தலாம்னு பார்த்தா மேல் டிவிசன் ரோட்டுல முண்டுக்கல்லு. சைலன்சர் அடிபட்டு நசுங்கிரும்.

மிச்சம் சீட்டுதான். ரெக்சினைப் பிரிச்சு, ஆக்சா பிளேடால ஸ்பாஞ்சை மெல்ல அறுக்கோணும். மேல மட்டும் அறுத்தாப் பத்தாது. தொடை எறங்கற எடத்துல ரெண்டு ஓரத்தையும் செதுக்குனாத்தான் கால் நேரா கீழ போகும். நான் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி செதுக்கிக்கிட்டு இருந்தேன். பாய் வந்து நின்னு பார்த்தார். பிளேடை வாங்குனார். "இந்தப் புள்ளை எந்தக் காலை ஊனுது?"

"எடது காலுங்க."

"அப்பறம் எதுக்குடா வலப்பக்கத்தை அறுக்கறே? அது உக்கார்றதுக்கு வேணும்ல?"ன்னுட்டு எடது ஓரத்தை மட்டும் நல்லா ஆழமா சரிச்சு எறக்கிட்டார். நிக்கறப்ப சித்தெ எடது பக்கமா நகர்ந்தாப் போதும், இடுப்போட கால் கீழ எறங்கும். சீட்டுக்கு ரெக்சின் தெச்சுக் குடுக்கறவர் சண்டைக்கு வந்துட்டார். "கோணச் சீட்டு தெச்சான்னு என்ற பேருல்ல கெடும்!" பாய் அவருக்கு டீ சொல்லி அனுப்பி வச்சார்.

குன்னூர்லயே அந்தக் கேட்டு மாதிரி ஒரு சரிவு தேடிப் புடிச்சு நிறுத்திப் பார்த்தோம். எல்லாம் பண்ணியும் நாலு விரக்கடை பாக்கி. நுனிக்கால்கூட படலை.

பாய் வண்டியை ஒரு சுத்துச் சுத்தி வந்தார். "வண்டியில இதுக்கு மேல ஒன்னுமில்லை சுப்பு"ன்னார். அப்பறம் என் மூஞ்சியைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். எத்தனை தடவை அந்த மாடிப்படி ஏறியிருக்கேன், தெரியாமயா இருக்கும்? "நாலு விரக்கடைக்கு உன்னை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. விடறதுன்னா இன்னைக்கே சொல்லிரு, அந்தப் புள்ளை வேற வழி பார்க்கட்டும். இழுத்தடிக்காதே."

விட்டிருக்கலாம். நெசமாச் சொல்றேன், ஒரு மத்தியானம் பூராவும் அந்த வண்டிக்குப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து, விட்டுடலாம்னுதான் நெனச்சேன். முடியலைன்னு சொன்னா அவங்க எதுத்த மாடியிலயே இருப்பாங்க. தெனமும் பார்க்கலாம். யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. அப்படி நெனச்சுக்கிட்டே இருக்கறப்ப மாடி ஜன்னல்ல அவங்க வந்து நின்னு, வண்டி ஆச்சான்னு கையாலயே கேட்டாங்க. ஆச்சுன்னு நானும் கையாலயே சொல்லிட்டேன். எப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியலை.

மேனேஜர் பார்க்கறதுக்கு மொத நாள் வண்டியையும் அவங்களையும் கூட்டிக்கிட்டுப் போனேன். அந்த எஸ்டேட்ல அவங்களுக்கு ஒரு சித்தி இருந்தாங்க, ராத்தங்கல் அங்க. கேட்டுக்கிட்ட வண்டியை நிறுத்திப்போட்டு நான் ஓடைக்குள்ள எறங்குனேன். சிஸ்டர் மேல நின்னுக்கிட்டு, "என்ன தொலைச்சீங்க?"ன்னு கேட்டாங்க.

"கல்லு தேடறேன் சிஸ்டர். வண்டியில எடமில்லை, ரோட்டுல இருக்கு."

அவ்வளவுதான், சுடிதார் காலைச் சுருட்டி விட்டுக்கிட்டு அவங்களும் எறங்கிட்டாங்க. தட்டையா ஒரு கல்லு ரெண்டு பேரும் சேர்ந்து உருட்டி மேல கொண்டாந்தோம். ரோட்டு ஓரத்துல குழி பறிச்சு, கல்லை எறக்கி, சுத்தியும் சரளை போட்டுக் குத்துனேன். வாச்மேன் ஒரு மலையாளத்துக்காரர். பீடியை எடுத்துக்கிட்டு வந்து பார்த்தார். எஸ்டேட் ரோட்டைத் தோண்டறானேன்னு கத்துவார்னு நெனச்சேன். "ஞான் ஒண்ணும் கண்டில்லா"ன்னு சொல்லிட்டுத் திரும்பி உக்காந்துக்கிட்டார்.

சிஸ்டர் வண்டியில ஏறி, கல்லுக்கு நேரா நிறுத்துனாங்க. நான் பின்னால கேரியரைப் புடிச்சிருந்தேன். எடது பக்கமா நகர்ந்து, காலை எறக்குனாங்க. பாதம் முழுசா கல்லு மேல உக்காந்துச்சு.

"மெக்கானிக், விட்டுராதீங்க."

நான் அதுக்கு முன்னாலயே விட்டுட்டேன். ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நின்னேன். அவங்க பாட்டுக்கு நின்னுக்கிட்டு இருந்தாங்க. நல்லாத்தான் நின்னாங்க. எனக்குத்தான் நிக்க முடியலை. ஓடைக்கரையில உக்காந்துட்டேன்.

மறுநாள் மேனேஜர் ஜீப்புல பின்னால வந்தார். நான் வாச்மேன் கூண்டுக்குப் பக்கத்துல நின்னேன். சிஸ்டர் கேட்டுக்கு வந்து, கல்லுக்கு நேரா நிறுத்தி, காலை ஊனி, வாச்மேன் சங்கிலியைக் கழட்டற வரைக்கும் அசையாம நின்னாங்க. அந்த மனுசன் வேணும்னே மெதுவாத்தான் கழட்டுனார். அப்பறம் கியரைப் போட்டுக் கெளம்பிட்டாங்க. சத்தம் ஒவ்வொரு வளைவா மேல போச்சு. கேக்கற வரைக்கும் நின்னு கேட்டுட்டு, ரோட்டுக்கு எறங்கி பஸ் ஏறுனேன். அன்னைக்குப் பைக்காரால பஸ் நின்னப்ப நான் கீழ எறங்கலை.

அடுத்த மாசமே அம்மாவையும் சாமானையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. வருசத்துக்கு ரெண்டு தடவை சர்வீஸுக்கு வண்டி எங்ககிட்டதான் வரும். வர்ற அன்னைக்குக் காலையிலயே நான் சவரம் பண்ணிக்குவேன். அவங்களுக்கு அங்கயே ஒரு வாத்தியாரோட கல்யாணம் ஆச்சு. எனக்கும் எங்க அத்தை பொண்ணைப் பண்ணி வச்சாங்க. அவ கெட்டிக்காரி. நான் ஒரு வேளை சோறு சரியாத் திங்கலைன்னா, "என்ன, பந்தலூர் வண்டி வந்துச்சாக்கும்?"ம்பா. சண்டை போட்டிருந்தாக்கூடத் தேவலை. சிரிச்சுக்கிட்டே கேப்பா. பொறவு கூடலூர்லயே நல்ல மெக்கானிக் வந்துட்டான், வண்டி வர்றது நின்னுருச்சு. காதர் பாயும் போயிட்டார். ஒர்க்‌ஷாப்பை மூடி, நான் சர்வீஸ் சென்டருக்குச் சம்பளத்துக்குப் போனேன்.

நான் வேலையை விடறதுக்குக் கொஞ்ச நாள் முன்னால, நெடுநெடுன்னு ஒரு பையன் ஒரு பழைய நூறு சிசியைக் கொண்டாந்து நிறுத்துனான். "அங்கிள், இதைப் பழையபடி உசத்தித் தரணும். கால் மடங்கி மூட்டு ஹேண்டில்ல இடிக்குது. சீட்டு வேற ஒரு பக்கமா சாஞ்சிருக்கு"ன்னான். வண்டியைப் பார்த்ததுமே தெரிஞ்சுருச்சு. அவனே சொன்னான்: "அம்மா வண்டி. அம்மா ரிட்டயர் ஆயிட்டாங்க. கோயமுத்தூர்ல எனக்கு வேலை கெடச்சிருக்கு, நான் எடுத்துட்டுப் போறேன்."

வேற யார் கையிலயும் குடுக்கலை, நானே செஞ்சேன். குட்டை ஷாக் அப்சர்பரைக் கழட்டி நீளமானது போட்டேன். ஃபோர்க்கைக் கீழ எறக்குனேன். ஸ்டாண்டுல வெட்டுன அளவுக்குத் துண்டு சேர்த்துப் பத்தவச்சேன். சீட்டை மட்டும் ஒன்னும் பண்ண முடியலை, அறுத்த ஸ்பாஞ்சு ஒட்டாது. புதுச் சீட்டு போட்டுட்டேன். முழு நாள் வேலை. செஞ்சதை எல்லாம் ஒன்னொன்னா இல்லாமப் பண்றதுக்கு ஒரு முழு நாள் ஆச்சுங்க. அதுக்குள்ள எத்தனை தடவை வெளிய போய் மூஞ்சி கழுவிட்டு வந்தேன்னு பசங்களுக்குத் தெரியும்.

சாயங்காலம் வண்டி எடுக்கறப்ப அவங்களும் வந்தாங்க. முடி பூரா வெள்ளை. அதே உசரம். "மெக்கானிக்"ன்னாங்க. எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்னு இருந்துச்சு. அம்மா எப்படியிருக்காங்கன்னு கேட்டேன்.

"போய் நாலு வருசமாச்சு. கடைசி வரைக்கும் அந்த குவார்ட்டர்ஸ்லதான். முன்னால ரோசாச் செடி வச்சிருந்தாங்க. உங்க பேரைச் சொல்லித்தான் தண்ணி ஊத்துவாங்க."

பையன் வண்டியை ஒரு சுத்து ஓட்டிப் பார்க்கப் போனான். நாங்க ரெண்டு பேரும் வாசல்ல நின்னோம்.

"அன்னைக்கு நீங்க கொஞ்சம் கொறையாச் செஞ்சிருந்தா நான் குன்னூர்லயே நின்னிருப்பேன்"ன்னாங்க.

"தெரியுங்க சிஸ்டர்."

"எப்பத் தெரியும்?"

"பைக்காரால டீ குடிச்சப்பவே."

என்னையே பார்த்தாங்க. "தெரிஞ்சேவா செஞ்சீங்க?"

"தெரிஞ்சேதாங்க."

அதுக்குள்ள பையன் வந்துட்டான். ரெண்டு காலையும் தரையில அழுத்தி ஊனி, வண்டியைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு, "ஏறும்மா"ன்னான். அவங்க பின்சீட்டைப் புடிச்சுப் பார்த்தாங்க. கால் மேல போகலை. நான்தான் உசத்தி வச்சிருக்கனே. கையை நீட்டுனேன். புடிச்சு ஏறுனாங்க. ஏறி உக்காந்த பொறவும் சித்தெ நேரம் விடலை.